‘பிரம்மச்சாரி’ பெயர் வாங்கிய குருவி: சாஃபின்ச் எப்படி இருக்கும், எப்படிப் பாடும், பிரிட்டனில் ஏன் குறைகிறது?

லண்டன் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் பாக்கெட்டைப் பிரித்தால் போதும். முதலில் புறா வரும். அப்புறம் ராபின் எட்டிப் பார்க்கும். கூடவே, நெஞ்சில் செங்கல் நிறம் பூசினது போல ஒரு சின்னக் குருவியும் காலடிக்கு வந்து நிற்கும். அதுதான் சாஃபின்ச்.

அங்கே இருப்பவர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அவ்வளவு சாதாரணமான பறவை. நம்ம ஊரில் மைனாவை யாராவது நின்று பார்க்கிறார்களா என்ன? அந்த மாதிரிதான். பிரிட்டனில் மிக அதிகமாகக் காணப்படும் பறவைகளில் 2-வது இடத்தில் இருந்தது இந்தக் குருவி. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, அது 5-வது இடத்துக்கு இறங்கிவிட்டதாகச் சொன்னது.

காட்டை அழித்தார்கள், வேட்டையாடினார்கள் என்பதெல்லாம் இந்தச் சரிவுக்கு முக்கியக் காரணம் இல்லை. ஆய்வாளர்களின் விரல் வேறு பக்கம் நீள்கிறது. வீட்டுத் தோட்டத்தில் பறவைகளுக்காக மக்கள் ஆசை ஆசையாக வைக்கும் தீனித் தட்டுகளை நோக்கி.

அது எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

யார் இந்த சாஃபின்ச்?

ஃபின்ச் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது செல்லப் பிராணிக் கடைகளில் கூண்டுக்குள் கும்பலாக ‘கீக் கீக்’ என்று கத்திக்கொண்டிருக்கும் குட்டிப் பறவைகள். அவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸீப்ரா ஃபின்ச்கள். பெயரில் ஃபின்ச் இருந்தாலும் அவை வேறு குடும்பம். நம் வயல்களில் திரியும் சில்லைகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். டார்வின் புகழால் பிரபலமான கலாபகோஸ் தீவு ஃபின்ச்களும் அசல் ஃபின்ச்கள் கிடையாது. சாஃபின்ச்தான் அசல். ஃபின்ச் குடும்பத்துக்கே ஃப்ரிஞ்சிலிடே என்ற அறிவியல் பெயர் வந்தது, சாஃபின்ச் இருக்கும் ஃப்ரிஞ்சில்லா என்ற பேரினத்தை வைத்துத்தான்.

இந்தக் குடும்பத்தின் ஆள் ஒருவர் தமிழ்நாட்டுக்கும் வந்து போகிறார். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இந்தியா முழுக்கப் பரவி, மேற்குத் தொடர்ச்சி மலை வரை வரும் ரோஸ்ஃபின்ச். சாஃபின்ச் அவ்வளவு தூரம் வராது. குளிர்காலத்தில் இமயமலைப் பக்கம் எப்போதாவது தலைகாட்டும், அதோடு சரி.

சாஃபின்சின் அறிவியல் பெயர் ஃப்ரிஞ்சில்லா சீலெப்ஸ். உயிரினங்களுக்குப் பெயர் சூட்டும் முறையை வகுத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758-ல் வைத்த பெயர் இது. சீலெப்ஸ் என்றால் லத்தீனில் கல்யாணம் ஆகாதவர் என்று பொருள். குருவிக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?

ஸ்வீடனில் குளிர்காலம் வந்தால் பெண் சாஃபின்ச்கள் தெற்கே கிளம்பிவிடும். ஆண்களில் சில மட்டும் அங்கேயே தங்கிவிடும். பனியில் தனியாகத் திரியும் இந்த ஆண் குருவிகளைப் பார்த்துத்தான் லின்னேயஸ் ‘பிரம்மச்சாரி’ ஆக்கிவிட்டார். இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்தில் பாதிரியாராக இருந்த கில்பர்ட் வைட், இதே விஷயத்தின் மறுபக்கத்தைக் கவனித்தார். குளிர்காலத்தில் தன் ஊருக்கு வரும் சாஃபின்ச் கூட்டங்களில் பெரும்பாலும் பெண் குருவிகளாகவே இருக்கின்றனவே என்று அவர் ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

ஆங்கிலப் பெயருக்கு இவ்வளவு பெரிய கதை இல்லை. ‘சாஃப்’ என்றால் உமி, பதர். அறுவடைக்குப் பிறகு களத்தில் கிடக்கும் பதரைக் கிளறி, தப்பிக் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கித் தின்னும் குருவி என்பதால் அந்தப் பெயர்.

அடையாளம் காண்பது எப்படி?

நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். எடை 20 கிராமுக்கு முன்னே பின்னே. நம் சிட்டுக்குருவி அளவுதான். உடல்வாகு மட்டும் கொஞ்சம் ஒல்லி, வால் சற்று நீளம்.

ஆண் குருவியின் தலையும் பிடரியும் நீலம் கலந்த சாம்பல் நிறம். ஏதோ தொப்பி போட்டது போல இருக்கும். கன்னமும் நெஞ்சும் செம்மண் நிறம், முதுகு காபிக்கொட்டை நிறம், வாலுக்கு மேலே லேசான பச்சை. பெண் குருவிக்கு இந்த அலங்காரம் எதுவும் இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த எளிமையான தோற்றம். முதன்முறை பார்ப்பவர்கள் பெண் சிட்டுக்குருவி என்றே நினைத்துவிடுவார்கள்.

குழப்பம் வந்தால் சிறகைப் பார்த்தால் போதும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு சிறகிலும் இரண்டு வெள்ளைப் பட்டைகள் பளிச்சென்று இருக்கும். பறக்கும்போது வாலின் இரு ஓரங்களிலும் வெள்ளை மின்னும். தரையில் உட்கார்ந்திருக்கும்போது சாதுவாகத் தெரிகிற குருவி, சட்டென்று எழும்பிப் பறக்கும்போதுதான் அந்த வெள்ளை கண்ணில் அடிக்கும்.

வசந்த காலத்தில் ஆண் குருவி இன்னும் பளபளப்பாகிவிடும். புது இறகு முளைப்பதால் அல்ல என்பதுதான் இதில் சுவாரஸ்யம். இலையுதிர் காலத்தில் முளைக்கும் இறகுகளின் நுனி மங்கிய பழுப்பாக இருக்கும். குளிர்காலம் முழுக்க அந்த நுனிகள் தேய்ந்து தேய்ந்து உதிர, அடியில் ஒளிந்திருந்த நிறம் வெளியே வருகிறது. அதாவது, இறகு பழசாக ஆக அழகு கூடுகிறது. அலகும் அந்தச் சமயத்தில் வெளிர் பழுப்பிலிருந்து நீலச் சாம்பலாக மாறிவிடும்.

எங்கே வாழ்கிறது?

ஐரோப்பா முழுக்க, அங்கிருந்து கிழக்கே சைபீரியா வரை. மரம் இருக்கும் இடமெல்லாம் இதன் வீடுதான். ஓக், பீச் போன்ற இலையுதிர்க் காடுகளில் அதிகம். பைன் காடுகளிலும் இருக்கும். (பீச் என்றால் பழம் தருகிற பீச் அல்ல, இது வேறு, எண்ணெய்ச் சத்துள்ள சின்னக் கொட்டைகளை உதிர்க்கும் பெரிய காட்டு மரம்.) ஜெர்மன் மொழியில் சாஃபின்ச்சுக்குப் பெயரே ‘பீச் மர ஃபின்ச்’தான்.

காட்டோடு நிற்காமல் தோட்டம், பூங்கா, வயல் ஓர வேலிப் புதர் என்று மனிதர்கள் பக்கத்திலும் சகஜமாக வாழப் பழகிவிட்டது. இந்தப் பழக்கம்தான் பிற்பாடு அதற்கு வினையானது.

மனிதர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன இடங்களிலும் சாஃபின்ச் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் குடியேறிய பிரிட்டிஷார், சொந்த ஊர் ஞாபகத்துக்காக இதைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அமோகமாகப் பெருகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்கு 1898-ல் கொண்டுபோனவர் சிசில் ரோட்ஸ். அங்கே கதை வேறு. 100 வருடங்களுக்கு மேல் ஆகியும் டேபிள் மலை அடிவாரப் புறநகர்களைத் தாண்டி அது பெரிதாகப் பரவவே இல்லை.

வட ஐரோப்பாவின் சாஃபின்ச்கள் குளிர்காலத்தில் வலசை போகும். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து குருவிகள் இலையுதிர் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி டென்மார்க், நெதர்லாந்து, பெல்ஜியம் கடற்கரையை ஒட்டியே இறங்கி, கடல் குறுகலாக இருக்கும் இடத்தில் தாண்டி பிரிட்டனுக்கு வந்து சேரும். பிரிட்டனிலேயே பிறந்த குருவிகளோ, பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தாண்டாமலே வாழ்ந்து முடித்துவிடும்.

கல்பாசியும் சிலந்தி வலையும்: கூடு கட்டும் கலை

கூடு கட்டுவது முழுக்கப் பெண் குருவியின் வேலை. ஆண் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், பாடும், எல்லைக்குள் நுழையும் மற்ற ஆண்களை விரட்டும். கட்டுமான வேலையில் கை வைக்காது.

மரக்கிளை பிரியும் கவையில் ஆழமான கிண்ணம் போலக் கூடு அமையும். பாசி, புல், வேர் நார் எல்லாவற்றையும் சிலந்தி வலை நூலால் கட்டி இறுக்குகிறது. உள்ளே இறகும் முடியும் மெத்தை. வெளிப்பக்கம் முழுக்க லைக்கனை ஒட்டி வைக்கிறது. நம் வீட்டுப் பிரியாணி மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதுவும் ஒரு லைக்கன்தான். மரப்பட்டையில் இயல்பாகவே படர்ந்திருக்கும் இதைக் கூட்டுக்கும் ஒட்டிவிடுவதால், கூடு மரத்தின் ஒரு புடைப்பு போலவே தெரியும். நேருக்கு நேர் பார்த்தாலும் தவறவிட்டுவிடலாம்.

முட்டைகள் வழக்கமாக 4 அல்லது 5. சுமார் இரண்டு வாரம் பெண் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் இன்னும் இரண்டு வாரத்தில் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும்.

மற்ற பல ஃபின்ச்களிலிருந்து சாஃபின்ச் விலகி நிற்பது குஞ்சுகளுக்கு ஊட்டும் விஷயத்தில்தான். கோல்டுஃபின்ச், கிரீன்ஃபின்ச் போன்றவை விதைகளைத் தொண்டைப் பையில் சேர்த்து வைத்து, கூட்டுக்கு வந்து கக்கி ஊட்டும். சாஃபின்ச் அப்படிச் செய்யாது. பெரிய பறவைகள் வருடத்தின் பெரும்பகுதி விதை தின்றாலும், குஞ்சுகளுக்கு மட்டும் அசைவம்தான். கம்பளிப்புழு, சிலந்தி, பூச்சி என்று அலகில் கவ்விக் கொண்டுவந்து ஊட்டும். ஓக் மரங்களில் புழுக்கள் மொய்க்கும் காலமும் குஞ்சுகள் வாய் பிளந்து காத்திருக்கும் காலமும் ஒன்றாக அமைய வேண்டும். புழு இல்லாத காட்டில், தட்டு நிறைய சூரியகாந்தி விதை இருந்தாலும் குஞ்சுகளை வளர்க்க முடியாது.

கிரிக்கெட் பவுலர் போல ஒரு பாட்டு

சாஃபின்ச் பாட்டை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், இங்கிலாந்தின் பறவை ஆர்வலர்கள் வழக்கமாக ஓர் உதாரணம் சொல்வார்கள். வேகப்பந்து வீச்சாளர் ஓடி வருவதைக் கற்பனை செய்யுங்கள். முதலில் இரண்டு மூன்று நிதானமான அடிகள், பிறகு வேகம் கூடி ஒரே ஓட்டம், கடைசியில் கையைச் சுழற்றி ஒரே வீச்சு. ‘சிப்... சிப்... சிப்சிப்சிப்’ என்று ஆரம்பித்து, மேலிருந்து கீழே சரசரவென்று இறங்கி, முடிவில் ஒரு சுழட்டு. மொத்தம் இரண்டு மூன்று விநாடி. ஒருமுறை இந்த உதாரணத்தோடு கேட்டுவிட்டால் அப்புறம் மறக்காது.

ஓர் ஆண் குருவியிடம் இப்படி ஒன்று முதல் ஐந்தாறு வகைப் பாட்டுகள் வரை இருக்கும். ஒன்றைப் பல தடவை பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். வசந்த காலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான தடவை பாடுவதும் உண்டு.

பாட்டு தவிர, பேச்சு தனி. ‘பிங்க் பிங்க்’ என்று கூர்மையாகக் கத்தினால் இருப்பைச் சொல்கிறது, அல்லது எச்சரிக்கிறது. பருந்து வகைப் பறவை வானத்தில் தெரிந்தால் ‘ஸீ’ என்று மெலிதாக, உச்ச ஸ்தாயியில் ஒரு சத்தம். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே கண்டுபிடிக்க முடியாத மாதிரியான சத்தம் அது. எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று, தான் இருக்கும் இடமும் வெளியே தெரியவில்லை. இன்னொன்று, ‘மழை அழைப்பு’ எனப்படும் ஒற்றைச் சத்தம். அது கேட்டால் மழை வரும் என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை. வெயில் கொளுத்தும் நாளிலும் குருவி அதே சத்தத்தைப் போடத்தான் செய்கிறது.

பாட்டு பிறவியிலேயே வருவதா, கற்றுக்கொள்வதா?

இந்தக் கேள்விக்கு அறிவியல் விடை கிடைத்ததே சாஃபின்ச் வழியாகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

1950-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் தோர்ப் என்ற விலங்கியல் அறிஞர், சாஃபின்ச் குஞ்சுகளைச் சில நாள் வயதிலேயே எடுத்து, வேறு எந்த சாஃபின்சின் பாட்டும் காதில் விழாமல் வளர்த்தார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான ஒலி வரைபடக் கருவி அவர் கைக்கு வந்திருந்தது. சத்தத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டும் கருவி. அதற்கு முன்னால் பறவைப் பாட்டை ஆராய்வது என்றால் காதால் கேட்டு எழுதிக்கொள்வதுதான். இப்போது ஒரு பாட்டையும் இன்னொரு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட முடிந்தது.

தனிமையில் வளர்ந்த குருவிகள் பெரியவை ஆனதும் பாடின. நீளம் கிட்டத்தட்டச் சரி. ஆனால் பாட்டில் பகுதி பிரிவது இல்லை, கடைசியில் வரவேண்டிய அந்தச் சுழட்டும் இல்லை. பவுலர் ஓடி வருகிறார், பந்தைப் போடாமலே நின்றுவிடுகிறார்.

அதே சமயம், பிறந்த முதல் இலையுதிர் காலம் வரை பெரிய குருவிகளின் பாட்டைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தனிமைப்படுத்தப்பட்ட குருவிகள் அடுத்த வசந்தத்தில் ஓரளவு முறையாகவே பாடின. அதாவது, தாங்கள் பாடத் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே கேட்டு மனதில் பதிய வைத்திருக்கின்றன. சுமார் ஒரு வயது வரை கற்கும் வாசல் திறந்திருக்கிறது. முதல் இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகு பாட்டு மாறுவதில்லை.

கேட்டுக் கற்பது என்றால் ஊருக்கு ஊர் மாறத்தானே செய்யும்? நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் என்று நாம் பிரிப்பதைப் போல சாஃபின்ச் பாட்டிலும் வட்டார வழக்கு உண்டு. தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற பீட்டர் மார்லர் என்ற இளைஞர், களப்பணிக்காக ஊர் ஊராகப் போனபோது பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சாஃபின்ச் பாட்டு மாறுவதைக் கவனித்தார். செடிகொடிகளை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் தோர்ப்பிடம் போய்ச் சேர்ந்து, பறவைகளின் ஒலி ஆய்வில் உலகின் முன்னோடிகளில் ஒருவர் ஆனார்.

1970-களின் தொடக்கத்தில் பெர்னாண்டோ நாட்டபோம் இன்னொரு ஆச்சரியத்தைக் கண்டறிந்தார். சாஃபின்சின் குரல் உறுப்புக்குப் போகும் இடப்பக்க நரம்பைத் துண்டித்தால் பாட்டின் பெரும்பகுதி போய்விடுகிறது. வலப்பக்க நரம்பைத் துண்டித்தால் பெரிய பாதிப்பு இல்லை. மனிதர்களில் பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்திருப்பது அப்போதே தெரிந்த விஷயம். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் குருவியிலும் இப்படி ஒருபக்கச் சாய்வு இருந்தது ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

பாட்டே வினையான கதை

இனிமையாகப் பாடுவதற்கு சாஃபின்ச் கொடுத்த விலையும் உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பல நூற்றாண்டுகளாக நடக்கும் ஒரு போட்டி இருக்கிறது. ஒவ்வொருவரும் ஓர் ஆண் சாஃபின்ச்சைச் சின்ன மரப்பெட்டியில் வைத்து, தெருவோரம் வரிசையாக உட்காருவார்கள். ஒரு மணி நேரத்தில் எந்தக் குருவி அதிக தடவை பாடுகிறதோ அதற்குப் பரிசு. நீளமான குச்சியில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுவார்கள். கடைசிச் சுழட்டு ‘சுஸ்கேவீட்’ என்று முழுமையாக விழுந்தால்தான் கணக்கில் சேரும். அரைகுறையாக முடித்தால் கோடு கிடையாது. பக்கத்திலேயே பிரெஞ்சு பேசும் வாலோனியா பகுதிக் குருவிகளின் முடிவு வேறு மாதிரி இருப்பதால், அவற்றை இந்தப் போட்டிக்காரர்கள் மதிப்பதில்லை.

வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் போட்டிக்குக் கொடூரமான ஒரு பக்கம் இருந்தது. கவனம் சிதறாமல் பாட வேண்டும் என்பதற்காகச் சூடான ஊசியால் குருவிகளின் கண்களைக் குருடாக்கினார்கள். முதல் உலகப்போரில் பார்வை இழந்த ராணுவ வீரர்களே இதற்கு எதிராகக் குரல் கொடுக்க, 1920-ல் பெல்ஜியத்தில் அந்தப் பழக்கத்துக்குத் தடை வந்தது. கண் தெரியும் குருவிகளோடு போட்டி இன்றும் நடக்கிறது.

மால்டா தீவில் பிரச்சினை வேறு. வலசை போகும் வழியில் ஃபின்ச்களை வலை விரித்துப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது அங்கே பாரம்பரியப் பொழுதுபோக்கு. பிடிக்கப்படும் ஏழு வகைகளில் சாஃபின்ச்சும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கு இது விரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஆராய்ச்சிக்காகப் பிடிக்கிறோம் என்று சொல்லி மால்டா அனுமதி கொடுத்தது. அதுவும் செல்லாது என்று 2024 செப்டம்பரில் அதே நீதிமன்றம் மீண்டும் சொல்லிவிட்டது.

தீனித் தட்டில் பரவும் நோய்

இனி, தொடக்கத்தில் சொன்ன விஷயம்.

டிரைக்கோமோனாஸ் கல்லினே என்பது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இது புறாக்களிடம் வெகுகாலமாக இருப்பது. நம் ஊரிலும் புறா வளர்ப்பவர்களுக்கு ‘கேங்கர்’ என்று சொன்னால் தெரிந்திருக்கும். தொண்டையில் மஞ்சள் நிறத்தில் கட்டி போல அடைத்துக்கொள்ளும்; பறவையால் இரையை விழுங்க முடியாது.

2005-ல் பிரிட்டனில் இந்த நோய் ஃபின்ச்களிடம் தென்பட்டது. 2006-ல் கொள்ளைநோய் ஆனது. முதலில் அடி வாங்கியது கிரீன்ஃபின்ச். அதன் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. சில ஆண்டுகளில் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் அதே நோய் தலைகாட்டியது. கடல் தாண்டிக் கொண்டுபோனது யார் என்று தேடியபோது சந்தேகம் விழுந்தது வலசை போகும் சாஃபின்ச்கள் மீதுதான். பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும்போது தொண்டையில் சுமந்துபோயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பரவும் விதம் எளிது. நோயுற்ற குருவி ஒரு விதையை வாயில் போட்டு, விழுங்க முடியாமல் எச்சிலோடு வெளியே துப்புகிறது. அந்த ஈர விதையை அடுத்த குருவி எடுக்கிறது. அல்லது ஒரே தண்ணீர்க் கிண்ணத்தில் இரண்டும் அலகை நனைக்கின்றன. காட்டில் இது அபூர்வமாக நடக்கக்கூடியது. அங்கே குருவிகள் சிதறி மேய்கின்றன. நோயாளி ஒரு மூலையில் விழுந்து கிடக்கும். தோட்டத்தில் நிலைமை அப்படி இல்லை. தினமும் ஒரே தட்டு, ஒரே இடம், புறா முதல் ஃபின்ச் வரை எல்லாம் ஒரே பந்தியில். அதிலும் சாஃபின்ச் பெரும்பாலும் தொங்கும் தீனிக் குழாயில் ஏறித் தின்னாது. மற்ற பறவைகள் கீழே சிந்துவதை, துப்புவதைத் தரையில் பொறுக்கித் தின்னும். பதர் பொறுக்கிய காலத்துப் பழக்கம்!

கிரீன்ஃபின்ச் சரிந்தபோது சாஃபின்ச் பெரிய அளவில் தப்பித்துவிட்டது என்றே ஆரம்பத்தில் தோன்றியது. பிறகுதான் அதன் எண்ணிக்கையும் இறங்கத் தொடங்கியது. சுமார் பத்தாண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது. முட்டை குறைந்ததா, குஞ்சுகள் சாகின்றனவா என்றெல்லாம் அலசியதில், வளர்ந்த பறவைகள் அடுத்த வருடம் வரை உயிரோடு இருப்பது குறைந்ததுதான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. அந்தக் குறைவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வீடுகளும் தோட்டங்களும் உள்ள பகுதிகளில்தான் மிக அதிகம். இறந்த சாஃபின்ச்களைப் பரிசோதித்ததில் இந்த நோயால் செத்தவை கூடிக்கொண்டே போயிருக்கின்றன, அவையும் ஏறக்குறைய எல்லாமே குடியிருப்புப் பகுதிகளிலிருந்து கிடைத்தவை. பறவை வளையமிடுபவர்கள், தோட்டத்தில் பறவைகளை எண்ணிச் சொல்லும் சாதாரண மக்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த தகவல்கள்தான் இந்த முடிவுக்கு அடிப்படை.

உலக அளவில் சாஃபின்ச் இன்னும் அழியும் பட்டியலில் இல்லை. கோடிக்கணக்கில் இருக்கிறது. அதனால் இதை ‘அழியப்போகும் பறவை’ என்று தலைப்புப் போடுவது சரியாகாது. ஆனால் இவ்வளவு சாதாரணமான பறவை பத்தே வருடத்தில் மூன்றில் ஒன்று காணாமல் போகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

பூங்காவில் பார்க்கும் சாஃபின்ச்சின் காலில் வெள்ளையாகச் செதில் செதிலாகப் படிந்திருந்தால் அது வேறு நோய். ஒரு வகை வைரஸாலோ, தோலில் வாழும் நுண்ணிய உண்ணிகளாலோ வருவது. பார்க்கப் பயமாக இருந்தாலும் பல குருவிகள் அதோடு சமாளித்து வாழ்ந்துவிடுகின்றன. டிரைக்கோமோனாஸ் வந்த குருவியின் அறிகுறி வேறு: இறகை உப்பிக்கொண்டு மந்தமாக உட்கார்ந்திருக்கும், அலகைச் சுற்றி ஈரமாக இருக்கும், ஆள் கிட்டே போனாலும் பறக்காது.

அப்படியென்றால் தீனி வைப்பதை நிறுத்திவிட வேண்டுமா?

பிரிட்டனில் கிட்டத்தட்டப் பாதி வீடுகளில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் பழக்கம் இருக்கிறது. கடும் குளிரில் அந்தத் தீனியால் பிழைத்த பறவைகள் ஏராளம். கோல்டுஃபின்ச் போன்றவை தோட்டத் தீனியால் பெருகியும் இருக்கின்றன. அதனால் ‘வைக்காதே’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாத நிலை.

அந்நாட்டின் மிகப்பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி., தட்டையான தீனி மேடைகளின் விற்பனையை 2025-ல் நிறுத்தி வைத்தது. தட்டையான பரப்பில் விதையும் எச்சிலும் எச்சமும் ஒன்றாகச் சேருகிறது என்பதே காரணம். மற்றபடி அங்கே மக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் செலவில்லாதவை: ஒரு நாளில் தின்று தீரும் அளவுக்கே வையுங்கள், கீழே சிந்தியதைப் பெருக்கிவிடுங்கள், வாரம் ஒருமுறையாவது கழுவுங்கள், இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள். நோயுற்ற பறவை ஒன்று கண்ணில் பட்டால் சில வாரங்களுக்குத் தீனியையும் தண்ணீரையும் மொத்தமாக எடுத்துவிடுங்கள். கூட்டம் கலைந்து காட்டுப்பக்கம் போகட்டும்.

கழுவினால் மட்டும் போதாது, நன்றாகக் காயவும் வேண்டும். இந்த ஒட்டுண்ணி பறவையின் உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. ஈரம்தான் அதற்கு உயிர், காய்ந்தால் செத்துவிடும். மனிதர்களுக்கு இது தொற்றுவதில்லை. மொட்டைமாடியில் புறாக்களும் சிட்டுக்குருவிகளும் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும்: பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றாமல், கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காய வைத்துவிட்டு நிரப்பினால் போதும்.